அப்பா பிடுங்கி வைத்த பவளம்

போன செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேபில் பிள்ளைகளுக்குப் பிப்பெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. ராணி அக்கா.

ராணி அக்கா என் வீட்டு ஓனர். கீழே அவர், மாடியில் நான். வாசலையே டீக்கடையாக்கி வைத்திருக்கிறார். வேலை நேரத்தில் காரணமில்லாமல் போன் செய்கிற ஆள் இல்லை.

"ஏனுங்க தம்பி, உங்கப்பா பொறவாசல்ல தீ மூட்டிட்டு ஒக்காந்திருக்காருங்க. கண்ணு ஆப்பரேசன் பண்ணவருக்குப் பொகையே ஆவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தீயா? எதுக்குங்க்கா?"

"தெரியலீங்க. கேட்டா, எம்பையன் வரோணும், அவன் பாத்தாத்தான் ஆவும்ங்கறாரு. சாக்கு மேல ஒரு கல்லு வெச்சிருக்காரு. பச்சையா, கொழகொழன்னு... ஏதோ பூசைக்கு வெச்சாப்பல இருக்குதுங்க."

கையிலிருந்த பிப்பெட்டை மேஜைமேல் வைத்தேன். வைத்தேனா, விழுந்ததா, ஞாபகம் இல்லை.

"அக்கா, அந்தக் கல்லை யாரும் தொடக் கூடாதுங்க. தீயில போட்டுற வேண்டாம்னு சொல்லுங்க. அதுல விஷம் இருக்கு. பொகை மூக்குல போச்சுன்னா..."

லைன் கட்டாகிவிட்டது. மூடுபனி இறங்கினால் எங்கள் ஊரில் முதலில் போவது டவர்தான்.

அந்தக் கல் என் மீன்தொட்டியில் இருந்தது. அதன்மேல் வளர்வது பவள இனம். அதன் உடம்புக்குள் ஒரு விஷம் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும்வரை அது பாட்டுக்கு இருக்கும். கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டாலோ, கண்ணில் தெறித்தாலோ ஆபத்து. எல்லாவற்றையும்விட மோசம், சூடு. வேகவைத்தால், எரித்தால், ஆவியோடும் புகையோடும் கலந்து நுரையீரலுக்குள் போகும். தெரியாமல் வெந்நீர் ஊற்றிக் கல்லைக் கழுவப்போய், வீட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு. படித்திருக்கிறேன்.

அந்தக் கல்லையும் வைத்துக்கொண்டு, தீயையும் மூட்டிக்கொண்டு, என் அப்பா எனக்காகக் காத்திருக்கிறார்.

பைக்கை எடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு எட்டு நிமிடம். பனியில் பதினைந்து. அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் அதுவரை நடந்ததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும், என் வீட்டில் ஒரு கடல் இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். வெள்ளக்கடையில் காபிச் செடிகளுக்கு நடுவில் பிறந்தவனுக்கு எதற்குக் கடல் என்று கேட்காதவர்கள் இல்லை. நான் கடலை முதன்முதலில் பார்த்தது பத்தொன்பது வயதில், காலேஜ் டூரில். அப்பாவும் அம்மாவும் இன்னும் பார்க்கவில்லை. வேலை கிடைத்ததும் ஒருவன் டிவி வாங்குவான், ஒருவன் மோதிரம் வாங்குவான். நான் கண்ணாடித் தொட்டியும் உப்பும் வாங்கினேன்.

மலைமேல் கடல் வைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கீழே சேலத்தில் என்றால் தண்ணீரைக் குளிரவைக்கத் தனியாக ஒரு மெஷின் வேண்டும். இங்கே ஊரே மெஷின்தான்.

கல்லாக இறுகி வளர்கிற பவளங்களை நம் நாட்டில் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, சட்டம். என்னிடம் இருப்பது உடம்பில் கல் இல்லாத வகை. ஜோவா என்பார்கள். சட்டைப் பித்தான் அளவுக்குச் சின்னச் சின்ன மொட்டுகள், ஒரு கல்லின்மேல் நெருக்கியடித்துக்கொண்டு வளரும். விளக்குப் போட்டால் ஓரத்து இழைகளை விரித்துப் பூ மாதிரி திறக்கும். விளக்கு அணைந்தால் மூடிக்கொள்ளும். என் கல்லில் அறுபதுக்கு மேல் இருந்தன — பச்சை விளிம்பு, நடுவில் ஆரஞ்சு.

கொடுத்தவன் பிரவீன். காலேஜில் என் அறைத்தோழன், இப்போது சென்னைவாசி. அவன் தொட்டியில் மூன்று வருடம் வளர்ந்ததை, கல்யாணம் ஆனதும் வீடு மாறப்போகிறோம் என்று எனக்குக் கொடுத்தான். பார்சலில் போட மனசில்லாமல், தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தான். இறங்கியதும் வாந்தி எடுத்தான். ஆனால் பெட்டி சாயவில்லை.

என் தப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது. புதிதாக ஒரு பவளம் வந்தால் உடனே தொட்டிக்குள் விடக் கூடாது. மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, தனி டப்பில் சில வாரம் வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி கொண்டுவந்த பழத்தை அவர் கண்ணெதிரில் கழுவமாட்டோம். 'உன் கை சுத்தமில்லை' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் முன்னால் மருந்தில் முக்குவதா? நேராகத் தொட்டியில் வைத்தேன். பிரவீனும் கண்ணில் நீர் வரப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஊருக்குப் போய் மூன்றாவது வாரம், அப்பா வந்தார்.

சேலத்தில் அவருக்கு இடது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். புகை கூடாது, தூசி கூடாது, குனியக் கூடாது. ஒரு நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து. வெள்ளக்கடை வீட்டில் விறகடுப்பு. "நான் ஆட்டை வுட்டுட்டு வர முடியாது, நீ இட்டுக்கிட்டுப் போ சாமி" என்று அம்மா அனுப்பிவைத்தார்.

மாடி அறையில் அப்பாவுக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது? காலையில் நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டு உட்கார்ந்தால் நான் வரும்வரை அங்கேதான். கட்டுப் பிரித்த மறுநாள் சொன்னார்: "இத்தன வருசமா எல்லாம் டீத்தண்ணி கலர்ல தெரிஞ்சிருக்குது கண்ணு. வெள்ளைன்னா இவ்வளவு வெள்ளையா?"

அவர் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற ஆள் இல்லை.

நாலாம் நாள் இன்னொன்று சொன்னார்.

"அந்தப் பூவுல ஒண்ணு நடக்குது சாமி."

"பூ நடக்காதுங்கப்பா. தண்ணி ஓட்டத்துல ஆடும்."

"ஆடறது வேற. இது நடக்குது."

ஆப்பரேஷன் செய்த கண். புதுசாக லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவும் சொன்னேன். "கொஞ்ச நாள்ல சரியாயிருங்க."

அதற்குள் கல்லின் ஒரு ஓரத்தில் மொட்டுகள் திறப்பதை நிறுத்தியிருந்தன. ஏழு, அப்புறம் பத்து. நான் உப்பைச் சோதித்தேன். சூட்டைச் சோதித்தேன். கரண்ட் போனதால் இருக்குமோ என்று யோசித்தேன். அப்பா சொன்னதை மட்டும் சோதிக்கவில்லை.

ஒரு விடியற்காலை, விளக்குப் போடுவதற்கு முன், டார்ச்சும் போனில் மாட்டுகிற பூதக்கண்ணாடி லென்ஸும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூடிய மொட்டு ஒன்றின் தோளில் இருந்த இன்னொரு மொட்டு... எட்டு வைக்காமல், வழுக்கிக்கொண்டே இறங்கியது.

நடந்தது.

ஓடில்லாத கடல் நத்தை அது. அரிசிக் குருணை அளவு. ஜோவாவைத் தின்றே வாழ்கிற ஜாதி. தின்றதன் நிறத்தையே தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். பச்சையைத் தின்றால் பச்சை. முதுகில் குஞ்சம் குஞ்சமாக இழைகள், அசல் ஜோவாவின் ஓரம் மாதிரியே. வீட்டுக்குள் வந்து, சாப்பிட்டு, வீட்டுக்காரன் சட்டையையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற திருடனை எப்படிக் கண்டுபிடிப்பது?

"ஏனுங்கப்பா, நீங்க சொன்னது சரிதாங்க. நடக்குது."

"நாந்தான் சொன்னனே" என்றார். அவ்வளவுதான். பெருமை கூடக் காட்டவில்லை.

அன்று சாயங்காலமே வைத்தியம். ஒரு டப்பில் உப்புத் தண்ணீர், அதில் டீ நிறம் வருகிறவரை அயோடின். கல்லைப் பத்து நிமிடம் முக்கி, ரப்பர் பல்பால் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி அடிக்க வேண்டும். நத்தைகள் பிடி விட்டுக் கீழே விழும். பிறகு நல்ல உப்புத் தண்ணீரில் அலசித் திரும்ப வைக்க வேண்டும்.

அதற்காக முழங்கைவரை ரப்பர் கையுறை போட்டேன். லேபிலிருந்து கொண்டுவந்த பெரிய கண்ணாடியையும் மாட்டிக்கொண்டேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்தார்.

"வெல்டிங் வேலைக்குக் கெளம்பிட்டயா சாமி?"

"சும்மாதாங்கப்பா."

சும்மா. விஷத்துக்கு நான் சொன்ன பெயர்.

ஒன்பது நத்தைகள் விழுந்தன. வெற்றி என்று பிரவீனுக்குப் படம் அனுப்பினேன். ஆறாம் நாள் மறுபடியும் நடமாட்டம். மருந்து பெரியவற்றைத்தான் கொல்லும், முட்டையைத் தொடாது. மறுபடி முக்கினேன். மறுபடி வந்தன. திறக்காத மொட்டுகள் முப்பதைத் தாண்டின. பக்கத்துக் கல்லில் இன்னொரு சின்ன ஜோவாக் கூட்டம் இருக்கிறது, அதுவும் ஒரு நாள் முழுக்கச் சுருங்கியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடம் கிளம்பும்போது, பிரவீனிடம் போனில் சொன்னேன்: "போயிருச்சுடா. மத்ததுக்கும் பரவுது. எடுத்துப் போட்டுற வேண்டியதுதான், ஆனா கை வரமாட்டேங்குது." இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனேன்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா என்ன வேலை பார்த்தார் என்று இங்கே சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் போரர் பிடிக்கிற வேலை. காபிச் செடியின் தண்டுக்குள் ஒரு புழு குடைந்துகொண்டு போகும். வெளியே பட்டையில் லேசாக மேடு தட்டும், இலை மஞ்சளாகும். வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு தண்டாகத் தடவிப் பார்த்து, புழு விழுந்த செடியை வேரோடு பிடுங்கிக் கொளுத்த வேண்டும். மருந்து, மன்னிப்பு எதுவும் கிடையாது. ஒரு செடியை விட்டால் ஒரு காடு போகும். பல வருடம் இதே வேலை. காய்ப்பில் இருக்கிற செடியைக்கூடப் பிடுங்கியிருக்கிறார்.

அதில் ஒரு முறை உண்டு. பிடுங்கியதைப் பிடுங்கியவனே கொளுத்திவிடக் கூடாது. வரிசை ஓரத்தில் போட்டு, பக்கத்தில் தீ மூட்டி, மேஸ்திரி வரும்வரை காத்திருக்க வேண்டும். மேஸ்திரி தண்டைப் பிளந்து பார்ப்பார். புழு இருந்தால் "பாத்துட்டேன்" என்பார். அதற்குப் பிறகுதான் தீ. நல்ல செடியைத் தெரியாமல் பிடுங்கிவிட்டால், அதை மறுபடி மண்ணில் வைக்க ஒரு வாய்ப்பு. அதற்காக வந்த முறை.

இதெல்லாம் எனக்குப் பைக்கில் வரும்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. அவர் ஏன் தீ மூட்டினார், ஏன் இன்னும் போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது. ஆனால் எவ்வளவு நேரம் உட்காருவார்? மேஸ்திரி வராத நாளில் அவர்கள் என்ன செய்வார்கள்? நான் கேட்டதே இல்லை.

ஏரிப் பக்கம் ஒரு டூரிஸ்ட் வேன் பனிக்குள் விளக்குப் போட்டுக்கொண்டு நடு ரோட்டில் நின்றிருந்தது. ஹாரன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

புறவாசலில் ராணி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். அவருக்கு எதிரில் முக்காலியில் அப்பா, கறுப்புக் கண்ணாடியோடு. மூன்று கல் கூட்டி, சவுக்குச் சுள்ளி போட்டு, தீ நன்றாகப் பிடித்து எரிந்தது. ஒரு எட்டு தள்ளி ஈரச் சாக்கு. சாக்கின்மேல் கல். மொட்டுகள் எல்லாம் இறுக மூடிக்கொண்டு, ஒரு கை நிறையப் பச்சைப் பயறை ஒட்டிவைத்த மாதிரி.

"வந்துட்டயா சாமி" என்றார் அப்பா. "இந்தம்மா வேற, போடாதீங்க போடாதீங்கன்னு. உன்னக் கேக்காம நான் போடுவனா? பாத்துக்க. பாத்துட்டேன்னு சொல்லு, போட்டர்றேன்."

குழாயடியில் இருந்த பக்கெட்டைத் தூக்கித் தீயில் கவிழ்த்தேன். குபீரென்று சாம்பலும் புகையும் எழும்பின. அப்பாவின் கை கறுப்புக் கண்ணாடிக்குள் போனது, கண்ணைத் துடைக்க.

"கண்ணத் தொடாதீங்க!"

அவரைப் பார்த்து நான் கத்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. டீக் குடிக்க வந்தவர்கள் இரண்டு பேர் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா கையை அந்தரத்திலேயே நிறுத்தினார். பிறகு மெதுவாக, "ஏஞ் சாமி... தப்புப் பண்ணிட்டனா?" என்றார்.

"கல்லை எதுல எடுத்தீங்க? கையிலயா?"

"இல்ல, இல்ல. இடுக்கியிலதான் எடுத்தேன். சாக்குலயும் இடுக்கியிலயேதான் வெச்சேன். நீ அந்தத் தொட்டியில கையக் கழுவாம வுட்டதில்ல, எடுத்த பொறவும் கழுவுவ. நான் எப்புடி வெறுங்கைய வுடறது?"

முக்காலி பக்கத்தில், அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் கடலைக் கோயில் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருக்கிறார். நான் கை கழுவுவது பயத்தால். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அந்த மரியாதைதான் அன்று அவரைக் காப்பாற்றியது. என் படிப்பு அல்ல.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவவைத்து, மேலே கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு, அப்புறம்தான் சொன்னேன். பூ மாதிரி இருக்கிற அதற்குள் விஷம் இருக்கிறது. காயத்தில் பட்டால் இப்படி, கண்ணில் பட்டால் இப்படி, புகையாகப் போனால் இப்படி. பின்னாலேயே வந்த ராணி அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வெசமா? அப்பறம் எதுக்கு ஊட்டுக்குள்ள வெச்சிருக்க?"

"அப்புடிக் கேளுங்க" என்றார் ராணி அக்கா. "என் ஊட்டு மாடியில வெச்சிருக்காருங்க. எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது."

நியாயமான கேள்வி. அழகாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். தண்ணீருக்குள் இருந்தால் ஒன்றும் செய்யாது, தெரிந்து பழகினால் போதும் என்று இருவருக்கும் சொன்னேன். சொல்லும்போதே என் காதில் விழுந்தது — 'தெரிந்து'.

"செரி, வெசம்னா வெசம். எங்க ஊட்டுலதான் பாம்பு வந்துட்டுப் போவும்" என்று அப்பா முடித்துவைத்தார்.

"அந்த இடுக்கி எங்க கடையோடதுங்க" என்றார் ராணி அக்கா. "கழுவித் தந்துருவீங்களா, இல்ல..."

"புதுசு வாங்கித் தர்றேனுங்க்கா."

"இப்பவே போய் வாங்கியாங்க. பால் பொங்கிட்டிருக்குது."

வாங்கிவந்தேன். அதற்குள் கல் தண்ணீரைவிட்டு வெளியே வந்து ஒன்றரை மணி நேரம். செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடலோரப் பாறையில் அலை இறங்கின நேரத்தில் வெளியே கிடந்து பழகிய ஜாதி இது. அன்றைக்குப் பார்த்து ஊரையே மூடின ஈரம் வேறு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, கல்லை டப்பில் வைத்து லென்ஸால் பார்த்தேன்.

அங்கே இருந்தன. இத்தனை நாள் மருந்துத் தண்ணீரின் பழுப்பு நிறத்தில், கீழே விழுகிற நத்தையை எண்ணிக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதவை. மொட்டுகள் ஒட்ட மூடிக்கொண்டதால் காம்புகளுக்கு நடுவே இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் வெள்ளை நூலைச் சுருட்டி ஒட்டிய மாதிரி முட்டைகள். ஒரு சுருள், இரண்டு சுருள்... பதினொன்று.

பழைய டூத் பிரஷும் ஊசியும் வைத்து ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். அப்பா அறையின் அந்தக் கோடியில், கட்டிலில். கிட்டே வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன், இந்தத் தடவை காரணத்தோடு. வரவில்லை. அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன?"

"ஆறுங்கப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"எட்டு."

அப்புறம் அவராகவே சொன்னார். "நீ போன்ல பேசனயே, கை வரலன்னு. எனக்குப் பழக்கம்தானே, நாமளே பண்ணிப்புடலாம்னு பாத்தேன். நீ இட்டிலியைக்கூட வெச்சுட்டுப் போய்ட்ட."

நான் நிமிரவில்லை. லேப் கண்ணாடி உள்ளுக்குள் ஆவி படிந்துவிட்டது. கையுறைக் கையால் துடைக்கவும் முடியாது.

மறுநாள் கண்ணுக்கு வழக்கமான செக்கப். அடிவாரம் இறங்கி சேலம் போனோம். புகைச் சங்கதியைச் சொன்னேன். டாக்டர் நன்றாகத் திட்டினார். என்னைத்தான். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

கல் இப்போது தொட்டியில் இல்லை. தனி டப்பில், சின்ன விளக்கின் கீழே இருக்கிறது. இன்றைக்குக் காலை அப்பாவும் நானும் எண்ணினோம். பதினேழு திறந்திருக்கின்றன. மீதி பிழைக்குமா, தெரியாது. ஐந்தாறு நாளைக்கு ஒரு தடவை, இன்னும் சில தடவை முக்கிப் பார்க்க வேண்டும். பிரவீனிடமும் சொல்லிவிட்டேன், பூச்சி அவன் கல்லோடுதான் வந்தது என்று. "வந்தன்னிக்கே முக்கியிருக்கலாம்லடா, நான் என்ன நெனச்சுக்கப் போறேன்" என்றான்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் செக்கப் போய்வந்த சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்.

அப்பாவைப் படுக்கவைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். கூரையைப் பார்த்தபடியே கேட்டார்: "எங்கிட்டச் சொன்னா வெளங்காதுன்னு நெனச்சயா சாமி?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம்.

"இல்லீங்கப்பா..." என்று இழுத்தேன். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன். "பேப்பர்ல எழுதியிருந்தேனுங்க. போன வருஷமே. இதுல விஷம் இருக்கு, கையுறை போடணும், கண்ணாடி போடணும், சூடு காட்டக் கூடாதுன்னு."

உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். இதே பக்கத்தில்தான் எழுதினேன். உங்கள் எல்லோருக்கும் விவரமாக, பொறுமையாக, அக்கறையாகச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவால் அதைப் படிக்க முடியாது என்பது என்னைத் தவிர யாருக்கு நன்றாகத் தெரியும்?

"பேப்பர்லயா? ஊருக்கெல்லாம் சொன்னயா?"

"ஆமாங்க."

"அவங்க ஊட்டுலயெல்லாம் இந்தக் கல்லு இருக்குதா?"

"இல்லீங்கப்பா. ஒருத்தர் ரெண்டு பேருகிட்ட இருந்தா உண்டு."

யோசித்தார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அப்பறம் அவங்களுக்கு எதுக்குச் சொன்ன?"

சொட்டு மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுந்தது. துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டேன்.

சனிக்கிழமை இதை எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன், அப்பாவை எதிரில் உட்காரவைத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். தீ மூட்டியது சவுக்குச் சுள்ளியில், சில்வர் ஓக் மரச் சுள்ளியில் இல்லையாம். முட்டைச் சுருள் பன்னிரண்டு இல்லை, பதினொன்று. அவர்தான் எண்ணிக்கொண்டிருந்தார், சரியாகத்தான் இருக்கும். மாற்றிவிட்டேன்.

ஆகையால் மன்னிக்க வேண்டும் — இந்த வாரம் நீங்கள் இரண்டாவது ஆள்.